அறையில் வேறொரு முகம்

குவீன்ஸ்டவுன் வீட்டுக் கூடத்தில், சாமிப் படங்களுக்கு நேர் எதிரே, என் மாமனாரின் கம்ப்யூட்டர் அத்தை பின்னிய வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துணியை விலக்கித் திரையைப் போட்டால் அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மயிலிறகு அசையும். கல்யாணமான புதிதில் அதை முதன்முதலில் பார்த்தபோது, பழைய கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் இருக்குமோ என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. நானோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கோளாறுகளைச் சரிசெய்யும் பிரிவில் வேலை பார்ப்பவள்.

மாமனார் சிராங்கூன் ரோடு வழியாகப் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டும்போது பேசக் கூடாது என்ற விதியை வீட்டுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டவர் போலிருப்பார். நான் எதிரில் நின்றாலும், "அந்தப் பொண்ணுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று அத்தையிடம்தான் சொல்வார். அத்தை என் பக்கம் திரும்பிக் கேட்பார். நான் சொல்லும் பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும். கோபம் ஒன்றுமில்லை. மருமகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள், லிட்டில் இந்தியாவைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். என் கணவர் நம்பவில்லை. அத்தை சிரித்தே விட்டார். ஆனால் மனிதர் விடாமல் வகுப்புக்குப் போனார், படித்தார். பள்ளிக்கூடத்தில் கடைசித் தேர்வு எழுதாமலேயே நின்றுபோன படிப்பு அவருடையது என்று அத்தை பிறகு ரகசியமாகச் சொன்னார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

எழுத்துத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றது பயிற்சி மையம். அதற்கு பிரவுசரில் ஒரு பிளகினைச் சேர்க்க வேண்டும். பிளகின் என்பது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் ஒரு துண்டு நிரல். இந்த பிளகின், கேமரா வழியாகத் தேர்வு எழுதுபவரைக் கண்காணிக்கும். தேர்வுக்கு முந்தைய நாள் அதைச் சேர்க்கப் பார்த்தார், சேரவில்லை. காலையிலிருந்து மதியம்வரை போராடிவிட்டு, "அந்தப் பொண்ண வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். பிரவுசர் மிகப் பழையது. அதைப் புதுப்பித்ததும் பிளகின் சேர்ந்தது, ஆனால் தேர்வுக்கான ஒத்திகைப் பக்கம் திறக்கவில்லை. ஏற்கனவே அங்கே ஒரு பெரிய கூட்டம் குடியிருந்ததுதான் காரணம். ராகு காலம் சொல்ல ஒன்று, தள்ளுபடி தேட ஒன்று, கனடாவின் வானிலை காட்ட ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க ஒன்று, மயிலிறகுக்கு ஒன்று. எதற்கு இத்தனை என்று அத்தை வழியாகக் கேட்டேன். "சேத்துக்கட்டுமான்னு மரியாதையா கேக்குது. வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்று பதில் வந்தது.

எது முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றை அணைக்கும்போதும் அவர் முகம் வாடியது. குற்றவாளி கடைசியில் அகப்பட்டது. எழுத்தைப் பெரிதாக்கும் பிளகின், 'தொடங்கு' என்ற பொத்தானையும் பெரிதாக்கித் திரைக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தது. அதை அணைத்தேன். பக்கம் திறந்தது. மூவரும் மூச்சு விட்டோம்.

உடனே ஓர் எச்சரிக்கை வந்தது: அறையில் வேறொரு முகம் இருக்கிறது. மாமனார் திரும்பிப் பார்த்தார். நான் விலகினேன், அத்தை விலகினார். எச்சரிக்கை போகவில்லை. சுவரில் அவருடைய அப்பா, முறுக்கிய மீசையோடு, மகன் தேர்வு எழுதப்போவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வள்ளி தெய்வானையோடு முருகன். படங்களைக் கழற்ற வேண்டும் என்றேன்.

"எங்க மாமனார் படத்த நான் கழட்ட மாட்டேன்" என்றார் அத்தை.

"முருகன் என்ன, பதிலா சொல்லிக் கொடுக்கப் போறாரு?" என்றார் மாமனார்.

கடைசியில் துண்டு போட்டு மூடுவது என்று முடிவானது. முருகனை மூடும்போது மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அத்தை அங்கேயே நின்றும், என்னைப் பார்த்து, "இப்ப நான் என்ன செய்யணும், நீ சொல்லும்மா" என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் தேர்வு ஒழுங்காகத்தான் தொடங்கியது. நானும் அத்தையும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. பஃபலோ ரோட்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது கேள்வி. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். மாமனாருக்கு அது போதவில்லை. மாட்டுக் கொட்டகைகள் எங்கே இருந்தன, யார் பால் கறந்தார்கள், மழை பெய்தால் தெரு எப்படி நாறியதாக அவர் அப்பா சொல்வார் என்று திரைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பேசாதீர்கள் என்று பிளகின் எச்சரித்தது. மீண்டும் எச்சரித்தது. பிறகு தேர்வை மூடிவிட்டது.

நாங்கள் வெளியே வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுனது தப்பாம்மா?" என்று கேட்டார்.

மையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அதிகாரிப் பெண் பதிவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். திரும்ப அழைத்தபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. "அவரு சொன்னது எல்லாம் கரெக்ட்லா. ஆனா கேள்வி அது இல்ல" என்றார். நேரில் வந்து தாளில் எழுதட்டும் என்று வேறொரு நாள் கொடுத்தார். எழுதினார். மயிரிழையில் தேறினார்.

முதல் சுற்றுலாவுக்கு ஆள் சேரவில்லை என்று தெரிந்ததும் என் அலுவலக நண்பர்களை மேலாளரோடு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்த நடை மதியத்தைத் தாண்டியது. தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து, ஒவ்வொரு சந்திலும் நின்று, பூக்கடைக்காரரையும் சாட்சிக்கு இழுத்து மாமனார் பேசினார். ஒருவர் கடைவாசல்களை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்தேவிட்டார். ஆனால் யாரும் கழன்றுகொள்ளவில்லை. கடைசியில் வாழையிலையின் முன்னால், களைத்துப்போன என் மேலாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், இவர் வீட்டிலும் இப்படித்தான் பேசுவாரா என்று.

எதிரே மாமனார், சாம்பார் ஊற்ற வந்தவரை நிறுத்திவைத்து, அந்தத் தெருவில் முன்பிருந்த கடைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்போதெல்லாம் ஆமாம்" என்றேன்.