அந்தக் கேள்வியை அப்படியே சொன்னேன்

எங்கள் கல்லூரியில் வணிக அறநெறிக்கென்று வருகைதரு பேராசிரியர் இருக்கை ஒன்று தொடங்கினார்கள். நிதி கொடுத்தவர் காரைக்காலில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தன் தகப்பனார் நினைவாகக் கொடுத்தார். ஆண்டுக்கொரு முறை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து ஒரு மாதம் தங்கி, வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பாடம் நடத்த வேண்டும். கடைசி நாளில் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொற்பொழிவு.

முதலில் வந்தவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல என்னைப் போட்டார்கள். நான் வணிகவியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். வருடா வருடம் புதுப்பித்தால்தான் வேலை.

எம்.காம். சேர்வதற்கு முன்னால் இரண்டு வருடம் அதே கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் நான். நின்றவள் என்றால் நின்றவள்தான். காலையில் உள்ளே போனால் சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. கடையில் ஆளே இல்லாவிட்டாலும் கூடாது. சனிக்கிழமைகளில் திருநள்ளாறு வந்தவர்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அன்று சாப்பாட்டு நேரமும் பாதியாகிவிடும். இதெல்லாம் பிரின்சிபாலுக்குத் தெரியாது. முதலாளிக்கோ என் முகம் நினைவில்லை.

சொற்பொழிவன்று அரங்கம் நிறையவில்லை என்று முதலாளி கடையிலிருந்து இருபது பெண்களை வேனில் வரவழைத்தார். சீருடைச் சேலையோடு கடைசி வரிசைகளில் அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே எனக்கு விசித்திரமாக இருந்தது.

பேராசிரியர் வயதானவர், நல்ல மனிதர். நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னோடு ஒரே கவுண்டரில் நின்றவர்.

"ஐயா, நான் பதினோரு வருசமா சேலை செக்‌ஷன்ல நிக்கிறேன். ஆளு இல்லாத நேரத்துல அஞ்சு நிமிசம் உக்காந்தா அது தப்பா? உங்களுக்கு இவ்வளவு செலவு பண்ணி ஒரு இருக்கை போட்டுருக்காங்க. எங்களுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த முதலாளியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிரின்சிபால் என் பக்கம் சாய்ந்து, "மேடம், ஊழியர் நலன் பத்திப் பொதுவா கேக்குறாங்கன்னு சொல்லி முடிச்சிடுங்க" என்றார்.

மைக் என் கையில் இருந்தது. கேள்வியை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்திலும் அந்தப் பதவிக்கு நாற்காலி என்றுதான் பெயர், அதனால் கேள்வி கொஞ்சமும் மழுங்கவில்லை. பிறகு, "நானும் அங்கே இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். அவர் சொல்வது உண்மை" என்று இரண்டு மொழியிலும் சேர்த்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பவள் தன் பேச்சைச் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

பேராசிரியர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எழுந்து, "உக்காந்துருந்தா வர்றவங்களுக்கு மரியாதை குடுக்காத மாதிரி இருக்கும்" என்றார்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் பேராசிரியர் திருப்பிக் கேட்டார்: "நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்துதானே பேசினேன். உங்களுக்கு மரியாதைக் குறைவாகவா இருந்தது?"

முதலாளிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்கும்படி அதைத் தமிழில் உரக்கச் சொன்னேன்.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார்.

"எதுக்கு சார்?"

"சொல்ல வேண்டாம்னு சொன்னதச் சொன்னீங்கல்ல?"

"பொய் சொல்லியிருந்தா எழுதிக் குடுத்துருப்பேன் சார்."

அதற்குப் பதிலாக அந்தக் கேள்வியையும், நான் சேர்த்துச் சொன்னதையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வருடம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கேள்வி கேட்டவரைப் பின்பக்கக் கோடவுனுக்கு மாற்றினார்கள். அதைக் கண்டு சேலைப் பிரிவுப் பெண்கள் அடங்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் கத்தினால் எழுந்தார்கள். அவர் நகர்ந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு ஸ்டூல் வந்தது. மனமிரங்கிப் போட்டதல்ல. பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பது வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாதே என்று போட்டது. யார் கண்ணிலும் படாத கோடவுனுக்கு ஒன்றும் வரவில்லை.

நான் வீட்டில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த வருடச் சொற்பொழிவுக்கு அழைப்பில்லாமலே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். புதிய பேராசிரியர், புதுச்சேரியிலிருந்து புதிய மொழிபெயர்ப்பாளர். இம்முறை கேள்விகளைச் சீட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். நான்கு சீட்டுகளைப் படித்துவிட்டு நேரமாகிவிட்டது என்றார்கள்.

எழுந்து நின்றேன். "என் சீட்டைப் படிக்கல. நானே கேக்குறேன். கோடவுன்ல நிக்கிறவங்களுக்கு எப்ப ஸ்டூல் போடுவீங்க?"

என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அந்த இளைஞர் பிரின்சிபால் முகத்தைப் பார்த்தார்.

பேராசிரியரை நான் காக்க வைக்கவில்லை. ஆங்கிலத்திலும் நானே கேட்டேன்.