கேட்டின் மேல் கிடந்த கம்பி

பச்சை இலை தீய்கிற வாசனை வந்தால் மற்றவர்கள் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் அண்ணாந்து பார்ப்போம். எங்கள் ஊர் போடியில் ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஓயாது. அந்தக் காற்றில் எங்கள் வாசலில் நின்ற இலவமரத்தின் கொப்பு ஒன்று மின்கம்பியில் போய் உரசும். உரசிய இடத்தில் நீலமாகப் பொறி தெறிக்கும், இலை கருகும், வீட்டுக்குள் குண்டு பல்பு மங்கி மங்கி எரியும். எழுபதுகளின் கடைசியில், நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, அந்த மரத்தடியைக் கடக்க எனக்குக் கால் கூசும். "எலவங்கொப்பு சொல்லாமக் கொள்ளாம ஒடியும், கீழ நிக்காதீங்கடி" என்று அம்மா அன்றாடம் சொல்லுவாள்.

எங்களுடையது இரண்டே அறை கொண்ட நாட்டு ஓட்டு வீடு. இரு பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர், பின்னால் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் "கிட்டங்கி"யின் சன்னலில்லாத நெடுஞ்சுவர். வெளியே போக முன்வாசல் ஒன்றுதான்; அதற்கு முன்னால் சின்ன முற்றம், முற்றத்தின் கடைசியில் இரும்புக் கேட்டு. அப்பா போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டினார். பொழுது சாய்ந்துதான் திரும்புவார். எனக்கு மூத்தவள் பேச்சி அக்கா. எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாதவள். பள்ளிக்கூடம் விட்டால் தெருமுனையிலிருந்தே ஓடிவந்து, இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளி, அதன் கம்பியில் ஏறி நின்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

அம்மா மின்வாரிய ஆபீசுக்கு நடையாய் நடந்து சொன்னதன்பேரில் கடைசியில் ஒருநாள் "கரண்ட்டுக்காரர்கள்" அரிவாளும் கயிறுமாக வந்தார்கள். எனக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகாமல் கட்டிலில் கிடந்தேன். கரண்ட்டை நிறுத்திவிட்டு ஒருவர் மரத்தில் ஏறி அந்தக் கொப்பைப் பாதி வெட்டியிருப்பார், சாரல் வலுத்துப் பெருமழையாகிவிட்டது. "ஈர மரத்துல கால் நிக்க மாட்டேங்குதுக்கா. மழ வெறிக்கட்டும், வந்து மிச்சத்த வெட்டிர்றோம்" என்று அம்மாவிடம் சொல்லி இறங்கிவிட்டார். கரண்ட்டை மறுபடி கொடுத்துவிட்டு எல்லாரும் கடைவீதிப் பக்கம் டீ குடிக்கப் போனார்கள். வெட்டுப்பட்ட கொப்பு காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம். நானும் அம்மாவும் வாசலுக்கு ஓடினோம். கொப்பு முறிந்து கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அறுந்த கம்பி கேட்டின் மேல் கிடந்து, மழைத்தண்ணீர் பட்ட இடத்திலெல்லாம் சடசடவென்று பொரிந்தது. படியிறங்கத் தூக்கிய காலை அம்மா அப்படியே பின்னுக்கு இழுத்து, என்னையும் உள்ளே தள்ளினாள். "கால வைக்காதடி. முத்தம் பூராம் தண்ணி, எதுல கரண்ட்டு இருக்குன்னு தெரியாது." கூப்பாடு போட்டோம். காற்றிலும் மழையிலும் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. பக்கத்து வீடுகளின் கதவுகள் சாத்திக் கிடந்தன. எதிரே பலசரக்குக் கடைக்காரர் ஞானமுத்து அண்ணாச்சி சாரலுக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்.

அப்போது பள்ளிக்கூடம் விடுகிற மணி காற்றோடு வந்து காதில் விழுந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். மறுநிமிடம் உலக்கையை எடுத்துக் கட்டில் மேல் ஏறி, கூரை ஓடுகளைக் கீழிருந்து குத்திப் பெயர்த்தாள். ஓடும் மண்ணும் மழையும் அவள் தலையில் கொட்டின. என்னைத் தூக்கித் தோளில் நிறுத்தி, அந்த ஓட்டை வழியே என் தலையை வெளியே விட்டாள்.

அக்கா வந்துகொண்டிருந்தாள். புத்தகப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். "வராத அக்கா, கரண்ட்டு, கரண்ட்டு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மழையில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூரைக்கு மேல் தனியாக என் தலை முளைத்திருப்பதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்; இன்னும் வேகமாக ஓடி வந்தாள்.

"சிரிக்கிறாம்மா! ஓடியாராம்மா!"

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஓட்ட எடுத்து அவ மேல எறி."

எனக்குக் கை வரவில்லை. என் கணுக்காலைப் பிடித்திருந்த அவள் பிடி இறுகியது. "யோசிக்காத! மண்ட ஒடஞ்சாலும் பரவால்ல, எறிடீ!"

முதல் ஓடு தெருவில் விழுந்தது. விளையாட்டு என்று நினைத்து அக்கா துள்ளி ஒதுங்கினாள். இரண்டாவது கேட்டுத் தூணில் பட்டுச் சிதறியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தள்ள இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். மூன்றாவது அவள் நெற்றியில் விழுந்தது.

சேற்றில் உட்கார்ந்து அவள் அலறிய அலறல்தான் மழையை மீறி அண்ணாச்சியின் காதில் விழுந்தது. படுதாவை விலக்கிக்கொண்டு ஓடி வந்தவர், "கேட்டத் தொடாதீங்க" என்று கம்பியைக் கைகாட்டி நான் கத்தியதில் நிமிர்ந்தார், கம்பியைப் பார்த்தார். அக்காவின் கையைப் பிடித்துத் தரதரவென்று கடைப்பக்கம் இழுத்துப் போனார். கடைப்பையன் டீக்கடைக்கு ஓடினான்.

கரண்ட்டை நிறுத்தி, கம்பியை எடுத்து ஓரமாகப் போட்டபின், மரத்தில் ஏறியவர் அந்தக் கொப்பின் மேலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைக்கு ஓடி, அக்காவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அண்ணாச்சி கொடுத்த காப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பினாள். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த அப்பா, கூரையில் வானம் தெரிவதைப் பார்த்து, "எவன்டா ஓட்டப் பிரிச்சது?" என்று சத்தம் போட்டார். அதைக் கேட்டதும்தான் அம்மா அழத் தொடங்கினாள்.

அடுத்த வாரமே மரத்தை அடியோடு வெட்டிவிட்டார்கள். இப்போது அந்தத் தெருவில் ஓட்டு வீடும் இல்லை, இலவமரமும் இல்லை. திறந்த கம்பிகள் போய், கறுப்பு உறை போட்ட தடித்த கம்பிகள் வந்துவிட்டன. ஆனாலும் நான் குடியிருக்கும் தெருவில் கொப்பு வெட்ட ஆள் வந்தால், கடைசிக் கொப்பை அள்ளிப் போகும்வரை வாசலில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளை எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பக்கத்து ஊரான தேவாரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் "எம் மண்டைய ஒடச்சவ இவதான்" என்று என்னைக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். குறி தவறிய இரண்டு ஓடுகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அம்மா காலமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், எனக்கும் பெண்பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபின், ஒருநாள் கேட்டேன்: "ஏம்மா, அன்னைக்கு அவ கண்ணுல பட்டிருந்தா?"

"கண்ணு போயிருந்தா, நாங் கையப் புடிச்சுக் கூட்டிட்டுத் திரிஞ்சிருப்பேன்டி" என்று சொல்லிவிட்டு, உரித்துக்கொண்டிருந்த பூண்டை மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.