கம்ப்யூட்டருக்குச் செய்த மரப்பெட்டி

செஞ்சிக் கோட்டையை யார் யாரோ வந்து பிடித்திருக்கிறார்கள். கடைசிவரை உள்ளே நுழைய முடியாமல் தவித்தது மெட்ராஸ் டிவி ஒன்றுதான். சுற்றி நின்ற மலைகள் அதை மறித்துக்கொண்டன. நைனா சிங்கப்பூரிலிருந்து முதல் தடவை வந்தபோது ஒரு கலர் டிவியும் ஒரு டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்தார். மாடியில் இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, தெருவே அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு ஆன்டெனா நட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து, ரவையைக் கொட்டியது போன்ற திரையைப் பார்த்துவிட்டு, பாட்டு மட்டும் நன்றாகக் கேட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு மாதம் இருந்துவிட்டு நைனா திரும்பிப் போனார். அப்போது எனக்கு ஏழு வயது.

சிங்கப்பூர் போவதற்கு முன்னால் அவர் காந்தி பஜாரில் ரேடியோக் கடை வைத்திருந்தார். ரிப்பேர் பார்ப்பார், கேட்டவர்களுக்குப் புதிதாகவும் செய்து தருவார். உள்ளே வைக்கும் சாமான்கள் மெட்ராஸிலிருந்து வரும். வெளிப்பெட்டியை எங்கள் தெரு ஆசாரி பலாப் பலகையில் செய்து கொடுப்பார். சிங்கவரத்தில், தொண்டூரில் எல்லாம் அந்தப் பெட்டிகள் பாடிக்கொண்டிருந்தன. கம்பெனி ரேடியோ வைத்திருப்பவர்களைக் கண்டால் நைனாவுக்கு இளப்பம். "கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி பண்றான். நான் உன் காதுக்குன்னு பண்றேன்" என்பார். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பேச்சுதான் பிறகு கேசட் கேசட்டாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அவர் கடிதம் எழுதமாட்டார். திண்டிவனம், பாண்டி பக்கம் யாராவது வந்தால் ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். நாங்களும் பேசி அனுப்புவோம். எனக்கு ஒன்பது வயதானபோது வந்த கேசட்டில்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டேன். டைப்ரைட்டர் மாதிரி பட்டன் இருக்குமாம். டிவியோடு மாட்ட வேண்டுமாம். டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட்டை ஓடவிட்டால் அதிலிருந்து விளையாட்டு இறங்கித் திரைக்கு வருமாம். கட்டம் கட்டமாக ஒரு ஆள் குழி தாண்டி ஓடுவானாம், அவனைக் குதிக்க வைப்பது நம் விரலாம். "ஆன்டெனாவே வேணாம் பாப்பா, மலை இன்னா பண்ணும்?" என்றார். அப்புறம் கேட்டார். "கம்பெனி செட்டாவே வாங்கியாரட்டா, இல்ல சாமானா வாங்கியாந்து நம்ம வூட்லயே பண்ணிடலாமா? அம்மாவும் நீயும் பேசிச் சொல்லுங்க."

இதில் பேச என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கம்பெனி செட்டு என்றால் தெர்மகோலில் பதித்து, படம் போட்ட அட்டைப்பெட்டியில் வரும். வந்த அன்றே விளையாடலாம். நைனா செய்வதென்றால் மாதக் கணக்கில் மேசைமேல் ஒயரும் கம்பியுமாகக் கிடக்கும். கடைசியில் ஆசாரியின் பெட்டிக்குள் போய் உட்காரும், பார்ப்பவர்கள் புது ரேடியோவா என்று கேட்பார்கள். என் வகுப்பில் அதைக் கம்ப்யூட்டர் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

ஆனால் அம்மா டேப் ரிக்கார்டருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "சாமானா வாங்கினு வாங்க. நீங்க வந்து உங்க கையால பண்ணுங்க. பாப்பாவுக்கும் அதான் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கம்ப்யூட்டர் கறுப்பா சிவப்பா என்று தெரியாதவள் என் பெயரைச் சொல்லிப் பொய் பேசுகிறாள். நான் மைக்குக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய், "இல்ல நைனா, கம்பெனி செட்டுதான் வேணும். அதுக்கு ரிப்பேரே வராது" என்று கத்தினேன். அம்மா அதை அழிக்கவில்லை. இரண்டு பேர் பேச்சும் ஒரே டேப்பில் சிங்கப்பூர் போயிற்று.

அவருடைய பதில் இரண்டு பேருக்கும் பொதுவாக வந்தது. சாமான் வாங்கிச் செய்வதுதான் உத்தமம், ஆனால் இப்போது சிப் கிடைப்பது கஷ்டம், கொஞ்சம் பொறுக்கலாம் என்றார். அடுத்த கேசட்டில் சிப் கிடைத்துவிட்டது, ஆனால் கம்பெனிக்காரன் புது மாடல் விடப்போகிறான், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அதற்கடுத்ததில் புது மாடல் வந்துவிட்டது, ஆனால் அதில் மெமரி போதாது. தீபாவளிக்கு வருவதாக இருந்தவர் பொங்கலுக்கு என்றார், பொங்கலில் ஆடி என்றார். எல்லாம் அந்த மெமரிக்காகத்தான். நானும் பெரிய மனுஷி போலப் பொறுப்பாக யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு இவ்வளவு நல்ல சாக்கு உலகத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

அம்மா பொறுக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெட்டி செய்யச் சொன்னாள். என்ன அளவு என்று அவர் கேட்டார். டைப்ரைட்டர் மாதிரி என்று நைனா சொன்னது ஞாபகம் வர, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அவரை அழைத்துப்போய், அங்கிருந்ததை நீளம் அகலம் உயரம் மூன்றும் அளக்கவைத்தாள். பாலிஷ் போட்டு, முன்பக்கம் வலை அடித்து, ஒரு பெரிய பெட்டி வந்தது. வலை எதற்கு என்று கேட்டேன். "சத்தம் வரவேணாமா?" என்றாள். ஈயம் பற்றவைக்க நைனா வைத்திருந்த சால்டரிங் அயனை எடுத்து முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஈயக் கம்பிச் சுருளோடு பெட்டியின் பக்கத்திலேயே வைத்தாள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கும்போது அந்த அயனையும் ஒரு தரம் துடைப்பாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது. காசைப் பார்க்கிறாள், கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன்.

எனக்குப் பத்து வயதில் வந்த கேசட் ஒன்று இன்னும் காதில் இருக்கிறது. நைனா பேசிக்கொண்டே இருக்கும்போது பின்னால் டிர்ர், டிங் என்று ஒரு சத்தம். அதுதான் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று எனக்குப் புரிந்துவிட்டது. நடுவில் ஒரு சின்னப் பையன் கெக்கெக்கே என்று சிரித்து, "அப்பா, இங்க பாருப்பா" என்றான். உடனே டக்கென்று பேச்சு நின்று, மறுபடி தொடங்கியபோது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தால் அம்மா அதே இடத்தை ஓட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் விளையாட்டுச் சத்தம் பிடித்துப்போய்விட்டது, இனிமேல் என் பக்கம் வந்துவிடுவாள் என்று சந்தோஷப்பட்டேன்.

சிங்கவரத்திலிருந்து வேர்க்கடலை மூட்டையோடு வந்த அம்மாவின் அண்ணனும் அதைக் கேட்டார். "யாரு கொளந்த அது?" என்றார். "அவரு வாடகைக்கு இருக்கிற வூட்டுக்காரங்க புள்ளயாம்" என்றாள் அம்மா. நைனா அப்படி எதுவும் டேப்பில் சொல்லவில்லையே என்று நான் திருத்தப் போனேன். மாமா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பையன் வீட்டுச் சொந்தக்காரர் பிள்ளை இல்லை, நைனாவின் பிள்ளைதான் என்று அதே மாமா என்னிடம் சொன்னபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நைனாவை அப்பா என்று கூப்பிடும் வழக்கமில்லை. அதனால் அந்தக் குரல் கூப்பிட்டது வேறு யாரையோ என்று என் காது விட்டுவிட்டது. அம்மாவின் காது விடவில்லை.

பதினோரு வயதில் கம்ப்யூட்டர் வந்தது. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த பாயின் மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். அவர்தான் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். கம்பெனி செட்டு. பெட்டிமேல் நான் நினைத்த மாதிரியே படம் போட்டிருந்தது.

"அண்ணன் குடுத்தனுப்பிச்சாருக்கா."

"அவரு எப்ப வர்றாராம்?"

"வேல கொஞ்சம் டைட்டா இருக்குதுக்கா."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துப் பேசினார். டீ போடுகிறேன் என்றதற்கும் நிற்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அவ்வளவு அவசரம் என்னவென்று நான் யோசிக்கவில்லை. தெர்மகோலைப் பிய்ப்பதில் மும்முரமாக இருந்தேன். சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிய, தட்டையான கறுப்புச் சாமான். ஆசாரியின் பெட்டிக்குள் அந்த மாதிரி நாலைந்து வைக்கலாம்.

அம்மா அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். மூன்று கேசட்டுகள் விழுந்தன. ஒன்றை எடுத்து டேப் ரிக்கார்டரில் போட்டு, முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கீய்ய் என்று காதைக் கிழிக்கும் சத்தம் வந்தது. "அது கேம் கேசட்டும்மா, டிவியில மாட்டணும்" என்று கத்தினேன். அவள் எடுக்கவில்லை. அது முடிகிறவரை கேட்டாள், திருப்பிப் போட்டு மறுபக்கம் கேட்டாள். பிறகு அடுத்த கேசட்டைப் போட்டாள். மூன்றிலும் அந்தக் கீச்சுச் சத்தம்தான். என் விளையாட்டுக்கு நேரமாகிறதே என்று நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் விளையாடினேன். கட்டம் கட்டமான அந்த ஆள் என் விரலுக்குக் குதித்தான், தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். எந்த மலையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா சால்டரிங் அயனையும் ஈயச் சுருளையும் ஒரு பழைய துணியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்து மூடி, நாற்காலி போட்டு ஏறிப் பரண்மேல் தள்ளினாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அதை எதற்கு மேலே போடுகிறாய் என்று கேட்டேன்.

"கம்பெனி செட்டுக்கு ரிப்பேரே வராதுன்னு நீதான சொன்ன" என்றாள்.

இரண்டு வருஷமாக அவளோடு போட்ட சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த குழியைத் தாண்டினேன்.