சந்தனம் பூசிய டாலர்

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த காசை என் கணவர் விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் தட்டிப் பார்த்தார். பழைய ராஜா தலை டாலரைப் போல இப்போது அச்சடிக்கும் வெள்ளி நகல் அது. 'ணிங்ங்' என்று ஓசை நீண்டதும் நான் நினைவில், மலேசியாவில் தங்காக் ஊரில் நான் வளர்ந்த வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன்.

அங்கேயும் இப்படியொரு நகலை மாமா அம்மாவுக்குக் கொடுத்தார். மாமா எதைக் கொடுத்தாலும் அப்பாவுக்குச் சந்தேகம். சில நாள் கழித்து, மாமா முன்னாலேயே காசைப் பூஜைத் தட்டிலிருந்து எடுத்து அப்படியே தட்டினார். 'டொக்' என்றது.

"ஈயம் லா இது! ஒங்கண்ணன் நல்லா ஏமாந்துட்டாரு!" அப்பா முகத்தில் தீபாவளி.

மாமா பதறி எழுந்தார். "அலமாக், மச்சான்! கடைச் சீட்டு இருக்கு!"

அம்மா காசை வாங்கினாள். காசு கைக்கு வந்த அன்றே சாமிக்கென்று அவள் அப்பிய சந்தனம் அதன்மேல் காய்ந்து இறுகியிருந்தது. குழாயில் தேய்த்துக் கழுவித் தட்டினாள். 'ணிங்ங்ங்!'

அப்பா மூன்று முறை தட்டிக் கேட்டார். "காசு நல்ல காசுதான் மச்சான். ஒங்க தங்கச்சிதான் சந்தனத்த சிமெண்டு மாதிரி பூசிட்டா!"

மாமா சிரித்த சிரிப்பில் காப்பி சட்டையெல்லாம் கொட்டியது.

"வெள்ளிதான்," என்றார் என் கணவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அதற்குப் பிறகுதான் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன்.