திறக்காத டிஸ்க்கும் நான் சொன்ன பதிலும்

கிருத்திகைதோறும் என்னோடு உட்கார்ந்து பாடும் அன்பர்களுக்கு வணக்கம். முருகன் எனக்குச் செய்த ஓர் உதவியைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அந்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த தவற்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதமாக எழுதுவதைத் தள்ளிப் போட்டதற்கு அதுதான் காரணம்.

சென்ற கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. என் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் சொருகினேன். அதன் சிறிய நீல விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. பிடுங்கிச் சொருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். பின்பக்கத்து ஓட்டையில் சொருகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வேறு கேபிள் வாங்கி வந்தேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கணினிக்கு மட்டும் அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியவில்லை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். தங்கச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த நம் நந்திதுர்க்கிலிருந்து பெங்களூருக்கு இருபத்தொன்பது வருடம் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவன் நான். ரயிலில் புத்தகம் படித்த நேரம் போக, கூட வருகிறவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வேன். யாருடைய தாத்தா வடஆற்காட்டில் எந்த ஊரிலிருந்து வந்தார், சுரங்கத்தின் எந்த ஷாஃப்டில் இறங்கினார், அவர்கள் வீட்டுக் குலதெய்வம் எது என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதுவேன். ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் குரலையும் பதிவு செய்தேன். இருநூறு வீடுகளுக்கு மேல் இருக்கும். எல்லோரும் என்னை 'ரைட்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

எழுதிய நோட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றி முடித்த வருடம், போகியன்று அவற்றைக் கொளுத்தினேன். "வேணாங்க, பரண்ல கிடக்கட்டும்" என்று என் மனைவி கஸ்தூரி தடுத்தாள். எல்லாம் பத்திரமாக ரெண்டு காப்பி இருக்கிறது என்றேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தேன். உண்மையில் ஒரே ஒரு காப்பிதான். இன்னொரு டிஸ்க் வாங்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் தேதி, இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் மைசூர் மைன்ஸ் பக்கத்துத் தனகோட்டி. இன்னொருவர் பாலகாட் சரோஜாம்மா. தனகோட்டியின் மகள் கோமதிக்கும் சரோஜாம்மாவின் மகன் சதீஷுக்கும் ஐப்பசியில் பூ வைத்தாயிற்று. இரண்டு பிள்ளைகளும் ஒரே ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவர்கள். விருப்பம் அவர்களுடையது, சம்மதம் பெரியவர்களுடையது. அடுத்தது நிச்சயம். அந்த நேரத்தில் பேச்சுவாக்கில் சரோஜாம்மா, நாங்கள் ஆடியில் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைப்போம் என்று சொல்லியிருக்கிறார். தனகோட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சையம்மன் அவர்கள் வீட்டுக் குலதெய்வம். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை.

சரோஜாம்மாவின் கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். மாமனார் சின்னராசு இறந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஆனால் சின்னராசுவின் குரல் என்னிடம் இருக்கிறது. அதனால் என்னிடம் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அன்று மாலை மீண்டும் சொருகியபோது திரையில் முதல்முறையாக ஒரு கட்டம் வந்தது. இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கேட்டது. எப்படியாவது திறந்தால் போதும் என்ற அவசரத்தில் 'ஆம்' என்பதன் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் அங்கே போனது. ஏனோ அழுத்தவில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சாமி அறைக்குப் போனேன்.

ஆறெழுத்தை நூற்றெட்டு முறை சொன்னேன். நான் என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "முருகா, என் மானத்தைக் காப்பாற்று." அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிஸ்க் போய்விட்டது, இன்னொரு காப்பி இல்லை என்று ஊருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் என் வேண்டுதல்.

புதன்கிழமை காலை இருவரும் வந்தார்கள். டிஸ்க் திறக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கஸ்தூரி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் கண்ணை மூடி யோசித்தேன். சின்னராசு பேசியது நினைவுக்கு வந்தது. பச்சையம்மன், பொங்கல், சுரங்கத்து லைன் வீடு. ஆமாம், பச்சையம்மன் என்றுதான் சொன்னார். பதிவை அப்போதுதான் கேட்டுவிட்டு வந்தவனைப்போலச் சொன்னேன்: "பச்சையம்மன்தாம்மா. பங்காளிதான். எங்கிட்டப் பதிவு இருக்குது."

இப்படித்தான் சொன்னேன், பதிவு இருக்கிறது என்று. சரோஜாம்மா கொண்டுவந்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். தனகோட்டி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பூ வைத்த பெண்ணுக்குக் கல்யாணம் நின்றால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை, கோமதி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் முறை தெரியாமலா ரயிலில் பேசிக்கொண்டு போனார்கள் என்று யாரோ சிரித்ததையும் கேட்டேன். ஆனாலும், உண்மையைத்தானே சொன்னோம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தினமும் டிஸ்க்கைச் சொருகிப் பார்ப்பேன். விளக்கு எரியும். அதே வேண்டுதலைச் சொல்வேன். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

பதினேழாம் தேதி, புதன்கிழமை, திருக்கார்த்திகை. நந்திதுர்க் கோயிலில் விளக்கேற்றி முடித்துத் திரும்பியபோது தனகோட்டி தனியாக நின்றிருந்தார். எப்போதும் மகளோடு வருகிறவர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரைட்டரண்ணா, நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்க குடும்பம் பெரிய பாவத்துல விழுந்திருக்கும். பொண்ணு அழுவறா, அழட்டும். உங்களுக்குத்தான் கும்புடு."

அவர் நன்றி சொல்லச் சொல்ல என் உடம்பு கூசியது. ஒருவர் திட்டினால் எதிர்த்து நிற்கலாம். நான் பார்க்காத ஒன்றுக்காக ஒரு தகப்பன் என் கையைப் பிடித்துக் கும்பிடுகிறார். சன்னதிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அன்றுதான் வேண்டுதல் மாறியது. "முருகா, என் மானம் போனால் போகட்டும். அந்தச் சின்னராசு பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது தப்பாக இருந்தால் அதைக் காட்டு."

தனகோட்டி செருப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க் திறக்கவில்லை, காப்பி இல்லை, நோட்டைக் கொளுத்திவிட்டேன், நினைவிலிருந்து சொன்னேன். அவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

"இன்னாண்ணா சொல்றீங்க? பாக்காமயா சொன்னீங்க?"

நான் தலையாட்டினேன். "காலைல அத எடுத்துக்கினு ரெடியா இருங்க. நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் நாகராஜின் கடைக்குப் போனோம். அவர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே டிக் டிக் என்று தட்டும் சத்தம் இல்லை, நல்லதுதான் என்றார். பிறகு கேபிள் சொருகும் வாயை விளக்கு வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"சார், இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

நான்தான். ஆயுத பூஜையன்று பேனா, கண்ணாடி, கணினி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். டிஸ்க்குக்கும் வைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்தேன். அது வழிந்து, உள்ளே போய், காய்ந்து, தகவல் போகும் சின்னச் சின்னக் கம்பிகளை மூடியிருக்கிறது. மின்சாரம் போகும் கம்பி மட்டும் தப்பியது. அதனால்தான் விளக்கு எரிந்தது.

"லாரிக்கு வெய்ங்க சார், அதுக்கு நெத்தி இருக்குது. இதுக்கு வாய் மட்டுந்தான்" என்றார் நாகராஜ். தனகோட்டி சிரிக்கவில்லை. எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. "ஃபார்மேட் கேட்டிருக்குமே, அழுத்தினீங்களா?" என்று நாகராஜ் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ பொழச்சீங்க."

ஸ்பிரிட்டில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் அரைமணி நேரம் சுத்தம் செய்தார். காயவைத்தார். புதுக் கேபிள் போட்டுச் சொருகினார். டிஸ்க் பட்டியலில் பெயர் வந்தது. ஆனால் கணினி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் வைக்கும் ஆங்கில எழுத்து இதற்கு ஒதுக்கப்படாமல் இருந்தது. அவர் ஓர் எழுத்தைக் கொடுத்தார். என் கோப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

சின்னராசுவின் பெயரை நோக்கி என் கை போனது. நாகராஜ் தட்டிவிட்டார். முதலில் வேறு டிஸ்க்கில் முழுக்கக் காப்பி எடுக்க வேண்டும், அப்புறம்தான் கேட்பது, நடுவில் இன்னொரு தடவை போனால் நான் பொறுப்பில்லை என்றார். மூன்றரை மணி நேரம். தனகோட்டி டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சின்னராசு பேசினார். இருமிவிட்டு, தெளிவாகப் பேசினார்.

"பச்சையம்மா பக்கத்து வூட்டுக்காரங்க சாமிப்பா. ஒரே லைன்ல இருந்தோம். அவுங்க பொங்க வெச்சா நாங்களும் கூடவே வெப்போம், வேற இன்னா? எங்க சாமி முனீஸ்வரன். ஊரு ஆம்பூர் பக்கம். இங்க வந்தப்புறம் அங்க போறதே நின்னுபோச்சு."

வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். ஒரு வீட்டுச் சாமிக்கு நான்கு வீட்டுப் பானையும் பொங்கும். இது எனக்குத் தெரியாததல்ல. நானே இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதில் பாதியை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைத் தொலைத்திருக்கிறேன். அந்தப் பாதியை வைத்து இரண்டு பிள்ளைகளை அண்ணன் தங்கை ஆக்கியிருக்கிறேன்.

தனகோட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மாலையே அவருடைய ஸ்கூட்டரில் இருவரும் பாலகாட் போனோம். சரோஜாம்மா வீட்டுக் கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"எட்டு நாளா எம்புள்ள சரியா சோறு துன்னல. தெரியலம்மா, கொஞ்சம் பொறுங்கன்னு ஒரு வார்த்த. அத சொல்றதுக்கு உங்களுக்கு இன்னாண்ணா கஷ்டம்?"

அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தை மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோமதிக்கும் சதீஷுக்கும் திருமணம் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தனகோட்டி வந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். கோமதி என் காலைத் தொட்டாள். எனக்கு அதற்குத் தகுதி இல்லை.

பிரஷ்ஷால் துடைத்தது நாகராஜ், இதில் சாமி எங்கே வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். ஃபார்மேட் என்ற இடத்தில் என் விரலை நிறுத்தியது யார்? நன்றி சொல்ல என்று தனகோட்டியை அனுப்பி என்னைக் குனியவைத்தது யார்? எட்டு நாள் நான் கேட்டதை முருகன் தரவில்லை. தந்திருந்தால் நான் திருந்தியிருக்க மாட்டேன். ஒன்பதாவது நாள் வேறொன்று கேட்டேன். மறுநாளே தந்தான்.

இப்போது மூன்று காப்பிகள் வைத்திருக்கிறேன். ஒன்று தனகோட்டியின் வீட்டில் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால், அவர்கள் எதிரிலேயே திறந்து, அவர்கள் காதிலேயே கேட்கவைக்கிறேன். இல்லையென்றால் தெரியாது என்று சொல்கிறேன். முதல் சில தடவை நாக்கு புரளவில்லை. இப்போது பழகிவிட்டது.

அன்பர்களே, உங்களில் யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அது வெளியே தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கலாம். அந்த வேண்டுதலை விட்டுவிடுங்கள். உண்மையைக் காட்டு என்று கேளுங்கள். அவன் காட்டுவான். வலிக்கும், ஆனாலும் காட்டுவான். சரோஜாம்மா இன்றுவரை என்னோடு பேசவில்லை. கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மனம் ஆற வேண்டும் என்று ஒவ்வொரு கிருத்திகையும் வேண்டுகிறேன். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும், அந்த வீட்டில் இப்போது ஒரு பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறான். எனக்கு அது போதும்.