நாற்பத்தொன்றாம் ஆணி

ஆட்டையாம்பட்டி பாவாயிக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று ஊருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

1926இல் அவள் புருஷன் சின்னண்ணன் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் வெள்ளைக்கல் சுரங்கத்தில் கூலிக்குச் சேர்ந்தான். ஐப்பசி மழையில் மூன்றாம் குழி சரிந்தது. உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிக் கம்பெனி குழியை மூடிவிட்டது. சின்னண்ணன் ஓடிப்போனதாக எழுதிக்கொண்டது. ஓடிப்போனவனுக்குக் கருமாதி செய்யப் பங்காளிகள் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அமாவாசைக்கு அவனுக்கென்று ஒரு கைச் சோறு வைக்க முடியாமல் அவள் தவித்தாள்.

கம்பெனி கைமாறியதாகக் கேள்விப்பட்டதும் நடந்தே போனாள். புது மேனேஜர் உட்காரச் சொன்னார்.

"அது பழைய கம்பெனி காலம்மா. நாங்க வாங்கி நாலு மாசம்தான் ஆகுது."

"குழியவும் சேத்தித்தான வாங்குனீங்க?"

"ஆமா."

"அப்ப அதுக்குள்ள கெடக்கறவரு யாரு பொறுப்புங்க?"

பழைய கம்பெனி காலத்திலிருந்தே இருக்கும் கணக்கர் மணியன் இருமினார்.

சுவரில் ஆணிகள் அடித்த பலகை இருந்தது. குழியில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வான். ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். எல்லா வில்லையும் கறுத்திருக்க, நாற்பத்தொன்று மட்டும் பளபளத்தது.

"அது எங்க ஊட்டுக்காரரு நம்பருங்க. அத மட்டும் ஏன் புதுசா அடிச்சீங்க?"

"ஆணி காலியா இருந்துச்சு" என்றார் மணியன்.

"ஓடறவன் கழுத்துல கம்பெனி வில்லையக் கட்டிக்கிட்டா ஓடுவான்?"

மேனேஜர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய ஆளுங்க தப்புக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. நெல்லு ரெண்டு மூட்டை தரச் சொல்றேன்."

"நெல்லு எதுக்குங்க? உள்ளதான் செத்தாருன்னு ஒரு வரி எழுதுங்க. இல்லீனா அவரு ஆணியவாச்சும் காலியா உடுங்க."

மேனேஜர் வரி எழுதவில்லை. வில்லையை மட்டும் எழுந்து வந்து தாமே கழற்றினார்.

அதற்கப்புறமும் மாதம் ஒருதரம் அந்த ஒரு வரி கேட்டு வந்தாள். அப்படி ஒருநாள் அவள் வாசலில் நிற்கும்போது, புதிதாகச் சேர்ந்த ராசப்பன் தன் வில்லையை மாட்ட இடம் தேடிக் காலியாக இருந்த நாற்பத்தொன்றாம் ஆணிக்குக் கையை நீட்டினான்.

"அதுல மாட்டாதப்பா" என்றார் மணியன். "அந்த ஆளு மூணாங்குழியில இருக்காரு. இன்னும் ஏறல."

பாவாயி படியேறி உள்ளே வந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க, சாமி" என்றாள்.