கலர்ப் படத்தில் பெய்த மழை

தக்கலையிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய், கலரில் வந்திருக்கும் இங்கிலீஷ் சண்டைப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது சித்திதான். சித்தப்பா பர்மா யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். அதைப்பற்றி யாராவது கேட்டால் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். படமும் பர்மாக் காட்டில் நடக்கிற கதை. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அதுதான் முதல் கலர்ப் படம்.

வீட்டில் வாயைத் திறக்காத மனிதர் கொட்டகைக்குள் வாயை மூடவே இல்லை. வானம் இத்தனை நீலமாக இருக்காதாம். இலைகள் இப்படி மினுங்காதாம். ஒருத்தன் சட்டையிலாவது சேறு இருக்கிறதா பார் என்று என் தோளைத் தட்டினார். கதாநாயகன் காதலியின் போட்டோவை எடுத்ததும் மழை பிடித்தது. அதைப் பைக்குள் வைத்ததும் விட்டது.

"சொன்னபடி கேக்குத மழை," என்றார் சித்தப்பா.

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கிலீஷ் ஒரு சொல்கூட விளங்கவில்லை. பார்த்து ரசிக்க இருந்ததே நிறமும் மழையும்தான். இரண்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. சித்தியோ திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்கச்செவேலென்ற அந்தி வானத்தின் கீழே ஒரு சிப்பாய் சாய்ந்து விழுந்தான். நெஞ்சில் குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல் ரத்தம். சித்தப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் பின்னால் ஓடினோம். படம் பாதியில் போயிற்று.

பஸ் நிற்கிற இடத்தில் சித்திக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாம் பொய்யின்னா நெசம் எப்பிடி இருந்துது? அதயாவது சொல்லுங்கோ."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே நின்றார்.

"மழை விடவே இல்ல. கூட நடந்தவன் விழுந்தான். ரத்தம்கூடக் கண்ணுல படல. மழை கழுவிக்கிட்டுப் போயிட்டுது."

பஸ்ஸில் சித்தி அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கண் அசந்ததும் அவள் காதருகே போய், அடுத்த தடவை சித்தப்பாவை விட்டுவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும் போவோம் என்று சொன்னேன்.

சித்தி அழுகையை நிறுத்தவில்லை. பார்க்காமல் விட்ட பாதிப் படத்துக்கு ஒரு பெரிய மனுஷி இவ்வளவா அழுவாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.